மாப்பிள்ளைக்கு ஒத்துவராத வண்டி

ஹாஸ்கெட், நெப்ராஸ்கா
மார்ச் 8, 1987

அன்புள்ள கோரின்னுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் காற்றும் சுகம். பெல்ஜியத்தில், கென்ட் நகரில், நீயும் மாப்பிள்ளை யோரிஸும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் பச்சை வண்டியைக் கப்பலில் அனுப்பச் சொல்லி மாப்பிள்ளை மறுபடியும் எழுதியிருக்கிறார். இழவு வீட்டுக்கு வந்தவர்கள் ஞாபகார்த்தமாகக் கைக்கடிகாரம் கேட்பார்கள், மிஞ்சினால் ஒரு வேட்டைத் துப்பாக்கி கேட்பார்கள். அவர் எட்டு சிலிண்டர் காரையே கேட்கிறார். மரியாதையான கடிதம்தான். ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

எனக்குத் தயக்கம். அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதே. அந்த வண்டி உங்கள் கண்டத்துக்காகச் செய்ததல்ல. டெட்ராய்ட்டில் அதை வரைந்தவர்கள் முதலில் காகிதத்தில் அளவுகோலை வைத்து ஒரு நேர்க்கோடு இழுத்திருப்பார்கள். அது சாலை. கோட்டின் மறுமுனை காகிதத்தைத் தாண்டி மேசையைத் தாண்டிப் போயிருக்கும், அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். பிறகு அந்தக் கோட்டில் ஓடுவதற்கு ஓர் இயந்திரமும், இயந்திரத்தின் பின்னால் ஒரு சோபாவும் வைத்தார்கள். பிரேக்கைக் கடைசியில், சட்டத்துக்குப் பயந்து சேர்த்தார்கள் என்பது என் ஊகம்.

இழவுக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளை அதை ஓட்டினாரே, பக்கத்தில் உட்கார்ந்து நான் கவனித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி முன்னால் குனிந்திருந்தார். கியரைத் தேடிக் கை போகும். அது தானாகவே மாறிக்கொள்ளும் என்று ஞாபகம் வந்து கை வெட்கத்தோடு திரும்பும். உங்கள் சாலைகள் ஓட்டுகிறவரிடம் ஓயாமல் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இங்கே வளைவு, இங்கே டிராம், இங்கே சைக்கிளில் ஒரு பாதிரியார். பதில் சொல்லிச் சொல்லியே அவர்கள் நல்ல ஓட்டுநர்கள் ஆகிவிடுகிறார்கள். எங்கள் சாலை ஒன்றும் கேட்காது. "எப்ப போய்ச் சேருவோம் அத்தை?" என்றார் மாப்பிள்ளை. எங்கும் போகவில்லை, சும்மா ஓட்டிப் பார்க்கிறோம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா திரும்பிடலாமா?" என்றார். அந்தக் கேள்வியை அப்பா தன் ஆயுளில் ஒரு தடவையும் கேட்டதில்லை.

ஊரிலும் விசாரித்தேன். பெட்ரோல் பங்க் ஒர்வல், கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "அவங்க ஊர்ல காரோட்டறது ஒரு வேலைம்மா. வேல முடிஞ்சா எறங்கிருவாங்க. நமக்கு அது உக்காந்திருக்க ஒரு எடம்" என்றான். ஃபெர்ன் தன் சாப்பாட்டுக் கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி, "அடி போடி, உன் மாப்ள அந்த வண்டில ரேடியோவத் திருப்பறதுக்குள்ள அடுத்த நாடு வந்துரும். பாஸ்போர்ட்டக் கழுத்துல மாட்டிக்கச் சொல்லு" என்றாள். எனக்கு ஒரு துண்டு ருபார்ப் பலகாரம் வைத்துவிட்டுத் தானே பாதியைத் தின்றாள்.

இன்னொரு விஷயம். நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். அப்பா போன அன்று வண்டி நேர்ச்சாலையின் ஓரத்தில், இன்ஜின் ஓடியபடியே நின்றது உனக்குத் தெரியும். அவர் முழங்கை ஜன்னலில் இருந்தது. எதிரே வருகிற வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்குகிற எங்கள் வழக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். வண்டிக்குத்தான் தூக்குகிறோம், உள்ளே இருக்கிற முகத்தை யார் பார்க்கிறார்கள்? அன்று சாயங்காலம் வரை ஊரே அவருக்கு விரல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. காவல் துணை அதிகாரி லைல் போகும்போதும் தூக்கினான், வரும்போதும் தூக்கினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: "அவரும் தூக்குனாரும்மா. சத்தியமா. ரெண்டு தடவையும்." அவர் காலையிலேயே போய்விட்டார் என்று டாக்டர் சொல்கிறார். லைல் பொய் சொல்கிறவன் இல்லை, கற்பனை செய்கிற அளவுக்குப் படித்தவனும் இல்லை.

இவ்வளவு எழுதியும், வண்டியை அனுப்பத்தான் போகிறேன். அது கொட்டகையில் இருக்கிற வரை கோழிகள் அந்தப் பக்கம் போக மறுக்கின்றன. மாப்பிள்ளை ஆசைப்படுகிறார், நீயும் கேட்கிறாய். மெதுவாக ஓட்டச் சொல். தனியாக ஓட்ட விடாதே.

உனக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பும், ஒர்வல் எழுதிக் கொடுத்த எண்ணெய் மாற்றும் குறிப்பும்.

அம்மா


ஹாஸ்கெட்
ஜூலை 20, 1987

அன்புள்ள கோரின்னுக்கு,

உன் கடிதமும் போட்டோவும் வந்தன. கால்வாய் ஓரத்தில் அந்த வண்டி நிற்பதைப் பார்த்தால், ஜெபக்கூட்டத்துக்கு வந்த எருமை மாதிரி இருக்கிறது. உங்கள் தெருவில் அதை நிறுத்தினால் மற்றவர்கள் வீட்டைவிட்டு வெளியே வருவது எப்படி என்று தெரியவில்லை.

இங்கே மழை இல்லை. கோதுமை அறுப்பு முடிந்துவிட்டது. சர்ச்சுக்குப் புதுப் பாதிரியார் வந்திருக்கிறார். ஒமாஹாக்காரர், நரகத்தைப் பற்றிச் சுருக்கமாகப் பேசுகிறார். எல்லாருக்கும் திருப்தி.

மாப்பிள்ளையைப் பற்றி நீ சிரிப்பாக எழுதியதைச் சிரிப்பாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். ஞாயிறு மதியச் சாப்பாடு ஆனதும் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். எங்கே போனீர்கள் என்றால் "நேராக" என்கிறார். எதிரே வருகிறவர்களுக்கு விரல் தூக்குகிறார். கென்ட்டில் ஒருவர் வண்டியை நிறுத்தி, என்ன பிரச்சினை என்று கேட்டுச் சண்டைக்கு வந்தார். சரி, சிரித்தேன்.

பெட்ரோல் முள் இறங்குவதே இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஐரோப்பியர்களுக்குப் பிடித்த மாதிரி அந்த வண்டியிடம் ஏதாவது ஒரு குணம் இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே அது பள்ளிக்கூடம் தாண்டுவதற்குள் ஒரு வாளி குடிக்கும்.

ஒமாஹாவில் பன்றி விலை இறங்கிவிட்டது என்று மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் சொன்னார், அவர் எந்தப் பத்திரிகையில் படித்தார் என்று கேட்டிருக்கிறாய். இறங்கியது உண்மை. எங்கள் வானொலியில் ஞாயிறு காலை அந்த வாரத்து விலையைத் திரும்ப வாசிப்பார்கள். எங்கள் காலை உங்கள் மதியம். அந்த நிலையம் பக்கத்து மாவட்டத்திலேயே சரியாகக் கேட்காது.

கடிதத்தோடு பஞ்சில் சுற்றி ஒரு பூச்சி அனுப்பியிருந்தாய், வண்டியின் முன்வலையில் நிறைய ஒட்டியிருந்தன, இது என்ன பூச்சி என்று. ஒர்வலிடம் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம வெட்டுக்கிளிதாம்மா. இந்த வருசத்துது" என்றான். பிறகு வண்டி ஊரைவிட்டுப் போனது எப்போது என்று கேட்டான். சொன்னேன். பூச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஏன் என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. ஊரில் எல்லாரும் ஒரு விஷயத்தை என்னிடம் சொல்லாமல் மரியாதை காத்துவந்திருக்கிறார்கள். ஃபெர்னுக்குத்தான் மரியாதை நெடுநேரம் தாங்காது. காப்பியை ஊற்றிக்கொண்டே, "ஏண்டி ஆர்லிஸ், உன் வீட்டுக்காரர் டெல் இப்பல்லாம் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு எதிர்த் தெசைல போறாரு. செத்தும் திருந்தல பாரு" என்றாள். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். சர்ச்சுக்கு வரும் வழியில் நேர்ச்சாலையில், மேற்கே போகும் பச்சை வண்டி. எல்லாரும் விரல் தூக்கியிருக்கிறார்கள். பழக்கதோஷம். யார் ஓட்டினார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். டெல்தான், வேறு யார், என்றார்கள். முகத்தைப் பார்த்தீர்களா என்றேன். வண்டியைப் பார்த்தோமே என்றார்கள்.

நான் சர்ச்சுக்கு மேற்குப் பக்கமிருந்து வருகிறவள் அல்ல, அதனால் பார்த்ததில்லை. பார்க்கவும் ஆசை இல்லை. ஆனால் கோரின், வண்டி உங்கள் ஊரில் இருக்கிறது. அதை ஓட்டுகிறவர் உன் கணவர்.

அவரிடம் சண்டை போடாதே. பார்க்க எப்படி இருக்கிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்று மட்டும் உடனே எழுது.

உன் அம்மா


ஹாஸ்கெட்
செப்டம்பர் 14, 1987

அன்பு மகள் கோரின்னுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், வெள்ளிக்குள் உன் கையில் இருக்கும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில்தான் நான் முடிக்கிற வரை நீ சும்மா இருப்பாய்.

மாப்பிள்ளை ஒவ்வொரு வாரமும் பிந்திப் பிந்தி வருகிறார், போன வாரம் திங்கட்கிழமைதான் வந்தார், வந்தவர் உன்னை ஒரு நிமிடம் யாரோ போலப் பார்த்தார் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகும் நான் சர்ச்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருக்க முடியாது. நேற்றுக் காலை என் பிக்கப் டிரக்கை எடுத்துக்கொண்டு நேர்ச்சாலைக்குப் போனேன்.

அந்த வண்டியை நிறுத்துவது எப்படி என்றுதான் இரவெல்லாம் குழம்பியிருந்தேன். கை காட்டினால் பதிலுக்கு விரல் தூக்கிவிட்டுப் போய்விடும். குறுக்கே நின்றால் ஏறிப் போய்விடும், முயல், மான் என்று அதற்கு அது பழகியதுதான். பிறகு மாப்பிள்ளை இங்கே ஓட்டியபோது செய்த ஒரு காரியம் ஞாபகம் வந்தது. உங்கள் நாட்டில் வலப்பக்கத்துச் சந்திலிருந்து எந்த ஓட்டை வண்டி வந்தாலும் பெரிய சாலைக்காரர் நின்று வழி விடவேண்டுமாமே. அவர் ஒவ்வொரு வயல்பாதையிலும் அப்படி நின்றார். ஒரு டிராக்டருக்காக நின்றபோது, டிராக்டர்காரன் இவர் வழி கேட்கத்தான் நிற்கிறார் என்று இறங்கி வந்து வணக்கம் சொன்னான். அப்பா எந்த மனிதனுக்காகவும் அந்தச் சாலையில் நின்றதில்லை, நிறுத்தப் பலகைக்கே நின்றதில்லை. ஓட்டுவது அப்பாவாக இருந்தால் வண்டி நிற்காது. மாப்பிள்ளையாக இருந்தால், அவரிடம் இன்னும் ஏதாவது மிச்சமிருந்தால், நிற்கும்.

வடக்கிலிருந்து வரும் மண்பாதையில், சாலைக்குச் சற்று முன்னால் காத்திருந்தேன். முதலில் சத்தம் வந்தது. அதை நான் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன். பிறகு பச்சை. நான் பிக்கப்பை நகர்த்திச் சாலைக்கு வந்தேன், அவருக்கு வலப்பக்கமாக.

வண்டி நின்றது.

பிக்கப்பைக் குறுக்கே விட்டுவிட்டு இறங்கிப் போனேன். இத்தனை மாதத்தில் அந்த வண்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்த முதல் ஆள் நான்தான். நம் மாப்பிள்ளைதான், கோரின். இளைத்திருந்தார். ஒரு மணிக்கட்டை மட்டும் ஸ்டியரிங் மேல் போட்டிருந்தார். இடது முழங்கையை ஜன்னலில் வைத்து வைத்து வெயிலில் தோல் உரிந்திருந்தது. உங்கள் ஊரில் இந்தக் கோடையில் வெயிலே இல்லை என்று எழுதியிருந்தாயே.

என்னைப் பார்த்ததும் அழுகிற முகமாகிவிட்டது. "அத்தை! நல்லவேளை. கென்ட்டுக்கு இன்னும் எவ்ளோ தூரம்? அடுத்த வளைவுல திரும்பினா போதும்னு மாமா சொல்லிட்டே இருக்காரு. வளைவே வரமாட்டேங்குது" என்றார்.

இங்கேயே திருப்பிக்கொள்ளுங்கள் என்றேன். சுற்றிலும் பார்த்தார். நாலு பக்கமும் அறுத்த கோதுமைத் தாள், வானம் தொடுகிற வரை. ஒரு மரம் இல்லை. "திருப்ப எடமே இல்லையே அத்தை" என்றார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவர் கண்ணுக்கு இடம் தெரியவில்லை. குறுகிய தெருவில் வளர்ந்தவருக்கு, எந்தப் பக்கமும் சுவர் இல்லாத இடத்தில் எதை வைத்துத் திருப்புவது? நம் ஆட்கள் அந்தச் சாலையில் போய்க்கொண்டே இருப்பார்கள், எங்கேயும் போய்ச் சேரவில்லை என்பது அவர்களுக்கு உறைக்காது, அதனால் ஒன்றும் ஆகாது. அவர் ஒவ்வொரு மைலிலும் வீட்டைத் தேடியிருக்கிறார்.

அப்போதுதான் அவருக்குப் பக்கத்து இருக்கையின் ஜன்னலில் ஒரு முழங்கை தெரிந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கையை மட்டும் பார்த்தேன். வெளுப்பான வலது முழங்கை. அப்பாவின் இடது கை ஊருக்குத் தெரிந்த கை, ஜன்னலிலேயே கிடந்து தோல்பை மாதிரி ஆகிவிட்டிருந்தது. வலது கை வெயில் படாதது. அது என் பக்கம் இருந்த கை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அப்பாவோடு பேசினேன். நூலக வேலையில் சத்தம் போடுகிறவர்களிடம் பேசுகிற குரலில்தான் பேசினேன். என்ன மனுஷன் நீங்கள், பிள்ளைக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, அவனுக்கு எங்கேயாவது போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும், அவர்கள் ஜாதி அப்படி, அவனை ஏன் இழுத்துக்கொண்டு திரிகிறீர்கள் என்றேன். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் அதற்கு ஆள் இருக்கிறது என்றேன். யார் என்றும் சொன்னேன். பிறகு அந்தக் கை கதவின் வெளிப்புறத்தை ஒரு தடவை தட்டியது. பெண் கேட்க வந்த நாளிலிருந்து அவர் "சரி" என்று சொல்வது அப்படித்தான்.

மாப்பிள்ளையை என் பின்னாலேயே வரச்சொன்னேன். என் பின்விளக்கை மட்டும் பாருங்கள், வேறெதையும் பார்க்காதீர்கள் என்றேன். இங்கே மண்பாதைகள் வயலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகப் போவது உனக்குத் தெரியும். ஒவ்வொரு மூலையிலும் மெதுவாகத் திரும்பினேன், அவரும் திரும்பினார். கடைசி மூலையில் கண்ணாடியைப் பார்த்தேன். புழுதிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து உனக்குத் தொலைபேசி செய்தேன். "இப்பத்தாம்மா வந்தாரு, சூப்புக் குடிச்சிட்டிருக்காரு, ஏம்மா, என்ன விசயம்?" என்றாய். நான் வானிலையைப் பற்றி விசாரித்தேன். கடல் தாண்டி வானிலை விசாரிக்க இவ்வளவு செலவா என்று திட்டினாய். அந்தத் திட்டைக் கேட்டபடியே கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இனி நீ செய்யவேண்டியது. வருகிற ஞாயிறு மாப்பிள்ளையின் அம்மாவை மதியச் சாப்பாட்டுக்கு அழை. அம்மா மேசையில் இருக்கும்போது எந்த பெல்ஜியக்காரனும் எழுந்து போகமாட்டான், நான் அறிந்தவரை அதைவிட உறுதியான கயிறு அந்த நாட்டில் இல்லை. முயலும் பிளம்ஸும் போட்டுச் சமைக்கிறாயே, அதைச் செய். சாப்பிட்டு முடிக்க நேரமாகும். வண்டியைக் கால்வாய்த் தெருவில், முன்பக்கம் வெளியே பார்த்தபடி நிறுத்திவிடு. சாவி உள்ளேயே இருக்கட்டும். சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போகாதே, மாப்பிள்ளையையும் போக விடாதே, இன்னொரு கரண்டி வை. திருட்டுப் போய்விட்டது என்று பிறகு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். கிடைக்காது.

கோழிகளை ஃபெர்ன் எடுத்துக்கொள்கிறாள். எங்கே போறே என்று கேட்டாள், கொஞ்சம் காரில் சுற்றிவிட்டு வருகிறேன் என்றேன். "யாரோட?" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவளை அமைதியாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. வீட்டுச் சாவி ஒர்வலிடம் இருக்கும். உன் பள்ளிக்கூடப் பெட்டியும் என் தையல் இயந்திரமும் உனக்கு. மற்றவை சர்ச்சுக்கு. நூலகத்துப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஒன்று பாதிதான் படித்தேன், பெரிய நஷ்டமில்லை.

ஞாயிறுக்குப் பிறகு நீ தொலைபேசி செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். பயந்துபோய் விமானத்தைப் பிடித்து வந்துவிடாதே. நான் நல்ல கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நேர்ச்சாலையில் காத்திருப்பேன். அப்பாவிடம் எனக்கு ஒரு பயமும் இல்லை, அவர் ஓட்டும்போது நான் எப்போதும் தூங்கியிருக்கிறேன்.

மகளே, உங்கள் தெரு இப்படியே குறுகலாக இருக்கட்டும். முனைக்கு முனை யாராவது வழியை மறிக்கட்டும், மாப்பிள்ளை நின்று நின்று போகட்டும். எங்கே போனாலும் விளக்கேற்றுகிற நேரத்துக்கு உன் வாசலில் வந்து நிற்கட்டும். நீ கதவைத் திறக்கும்போது உன் முகத்தை அவர் அடையாளம் கண்டுகொள்ளட்டும்.

சூப்பில் உப்பைக் குறைத்துப் போடு.

அம்மா